தேடல் பிறவிக் குணம் அல்ல

நம் கல்லூரிகளில் ஒரு கருத்து எதிர்ப்பார் இல்லாமல் உலவிக்கொண்டிருக்கிறது. “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தேடவா சொல்லிக்கொடுக்க வேண்டும்? போனை எடுத்தால் அரை நிமிடத்தில் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள். நூலகத்தை எப்படிப் பயன்படுத்துவது, தரவுத்தளத்தில் எப்படித் தேடுவது என்றெல்லாம் வகுப்பு நடத்துவது தண்டம்” என்பதே அது. துறைத் தலைவர்கள் சொல்கிறார்கள், நிர்வாகத்தினர் சொல்கிறார்கள், வாசகர் வராத கூடத்தில் உட்கார்ந்து சலித்துப்போன நூலகர்கள் சிலரும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். சாட்ஜிபிடி வகைச் செயலிகள் வந்த பிறகு குரல் இன்னும் ஓங்கிவிட்டது. இனித் தேடவே வேண்டாம், கேட்டால் போதுமாம்.

இந்தக் கருத்து தவறானது. இதனால் நஷ்டப்படுகிறவர்கள் யார் என்று பார்த்தால் அநியாயமானதும் கூட. எதிர்த்தரப்பின் வாதங்களை அவர்கள் சொல்லும் வலுவோடே எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம், இந்தத் தலைமுறை கணினியோடு பிறந்தது, அதற்குத் தேடல் இயல்பாகவே வரும் என்பது. இதற்கு ஒரு தோற்றுவாய் உண்டு. 2001இல் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரை எழுதினார். டிஜிட்டல் உலகில் பிறந்து வளர்ந்தவர்கள் அதன் குடிமக்கள். பிறகு வந்து சேர்ந்த நாமெல்லாம் அங்கே குடியேறியவர்கள் என்று அவர் பிரித்தார். கேட்கக் கவர்ச்சியான பிரிவினை. உலகம் முழுக்கக் கல்வியாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் போனை வேகமாக இயக்குவதும், கிடைத்த தகவலை எடைபோடுவதும் ஒரே திறமை என்று அந்தக் கட்டுரையை வைத்து யாரும் நிரூபித்துவிடவில்லை.

சோதித்துப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் ஓர் ஆய்வு செய்து 2017இல் வெளியிட்டார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள் 10 பேர், பத்திரிகைகளில் தகவல் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு இளங்கலை மாணவர்கள் 25 பேர் ஆகியோரை உட்காரவைத்துச் சில இணையப் பக்கங்களைக் காட்டினார்கள். அவற்றில் இரண்டு, குழந்தை மருத்துவர் சங்கங்களின் பக்கங்கள். ஒன்று 1930இல் தொடங்கிய, பல்லாயிரம் உறுப்பினர்களைக் கொண்ட அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம். மற்றொன்று அதிலிருந்து கொள்கைச் சண்டையில் பிரிந்து 2002இல் உருவான சிறு குழு. எது நம்பத் தகுந்தது என்பது கேள்வி. பாதிக்கும் மேற்பட்ட மாணவர்கள் சிறு குழுவின் பக்கத்தையே தேர்ந்தெடுத்தார்கள். பக்கம் லட்சணமாக இருந்தது, அடிக்குறிப்புகள் இருந்தன, மருத்துவர் பெயர் இருந்தது; அது போதுமானதாகப் பட்டது அவர்களுக்கு. சரிபார்ப்பவர்களோ அந்தப் பக்கத்தை முழுதாகப் படிக்கவே இல்லை. உடனே வேறு பக்கங்களைத் திறந்து, இந்தக் குழுவைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். சில நிமிடங்களில் விஷயம் விளங்கிவிட்டது.

ஸ்டான்ஃபோர்டில் இடம் கிடைத்த மாணவர்களின் நிலையே இது. அவர்களைவிட நம் பிள்ளைகள் மந்தம் என்று சொல்ல வரவில்லை. இந்தத் திறமை வயதாலும் வராது, போனாலும் வராது, புகழ்பெற்ற கல்லூரியில் இடம் கிடைத்ததாலும் வராது என்பதுதான் அந்த ஆய்வு காட்டியது. அங்கே வரலாற்றாசிரியர்களில் சிலரும் தடுமாறினார்கள். தொழில்முறையில் பழகியவர்களுக்கு எளிதாக வந்தது. பழகினால் வருவதைச் சொல்லிக்கொடுக்கலாம். சொல்லிக்கொடுக்க முடிந்ததைச் சொல்லிக்கொடுக்காமல் இருப்பதற்குச் சாக்குத் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது வாதம் இன்னும் பரவலானது. எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே! இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எதில் இருக்கிறது, எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது, என்ன பெயரில் இருக்கிறது என்று தெரியாதவருக்கு அது இருந்தும் இல்லாததுதான். இதற்கு உயிரையே விலையாகக் கொடுத்த ஒரு சம்பவம் உண்டு.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2001இல் ஆஸ்துமா பற்றிய ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஆரோக்கியமான தன்னார்வலர்களை ஹெக்ஸாமெத்தோனியம் என்ற வேதிப்பொருளை மூச்சு வழியாக உள்ளிழுக்கச் செய்து, நுரையீரல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது திட்டம். அங்கேயே ஆய்வகப் பணியாளராக இருந்த 24 வயது எல்லன் ரோச் தன்னார்வலராக முன்வந்தார். நுரையீரல் சிதைந்து ஒரு மாதத்தில் இறந்துபோனார். அமெரிக்க அரசு அந்தப் பல்கலைக்கழகத்தில் தன் நிதியில் நடந்த மனித ஆய்வுகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் அளவுக்கு விவகாரம் முற்றியது.

ஆராய்ச்சியாளர் முன்கூட்டியே தேடாமல் இல்லை. பப்மெட் என்ற மருத்துவத் தரவுத்தளத்தில் தேடினார். அன்றைக்கு அந்தத் தரவுத்தளம் 1966க்கு முந்தைய கட்டுரைகளுக்குப் போகவில்லை. அந்த மருந்தோ 1950களில் ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்பட்டது. அது நுரையீரலைப் பாதிக்கக்கூடும் என்று எச்சரித்த கட்டுரைகள் அந்த 1950களிலேயே வெளிவந்துவிட்டன. நூலக அடுக்கில் இருந்த பழைய அச்சுச் சுட்டிகளைப் புரட்டியிருந்தால் அவை கிடைத்திருக்கும். நிபுணர், உலகத் தரமான தரவுத்தளம், உலகத் தரமான பல்கலைக்கழகம் எல்லாம் இருந்தும், “இந்தத் தரவுத்தளத்தின் எல்லை எந்த ஆண்டு?” என்ற ஒரு கேள்வி விட்டுப்போனது. நூலகப் பயிற்சியின் முதல் மணி நேரத்தில் கேட்கப் பழக்குகிற கேள்வி அது.

நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். வரலாறு படிக்கும் ஒரு மாணவி, 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் திருநெல்வேலிச் சீமையை எப்படிப் பாதித்தது என்பதை இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்பாக எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பை அப்படியே கூகுளில் அடிப்பாள். கலைக்களஞ்சியப் பக்கம் ஒன்று, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்ட சில வலைப்பக்கங்கள், பின்னணி இசையோடு சில யூடியூப் காணொளிகள் வரும். அவற்றைச் சேர்த்து எழுதினால் ஓர் ஆய்வேடு தேறும், மதிப்பெண்ணும் கிடைக்கும். அரைத்த மாவு இன்னொரு முறை அரைபட்டிருக்கும்.

பழகிய நூலகர் என்ன செய்வார்? தலைப்பை முதலில் உடைப்பார். பஞ்சம், இடம், காலம் என்று மூன்று துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் வேறு என்னென்ன பெயர்கள் இருக்கக்கூடும் என்று தாளில் எழுதுவார். தமிழில் தாது வருஷம், தாது வருடம், தாது ஆண்டு என மூன்று விதமாகவும் எழுதியிருப்பார்கள். ஆங்கில ஆவணங்களில் ‘மெட்ராஸ் ஃபேமின்’ என்றோ ‘கிரேட் ஃபேமின்’ என்றோ இருக்கும். பஞ்சம் என்று ஒப்புக்கொள்ள மனமில்லாத அதிகாரி ‘ஸ்கேர்சிட்டி’ என்றும் ‘டிஸ்ட்ரெஸ்’ என்றும் எழுதிவைத்திருப்பார். இடப்பெயரில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது. இன்றைய எழுத்துக்கூட்டலில் திருநெல்வேலி என்று ஆங்கிலத்தில் தேடினால் 1876இன் அரசு அறிக்கை அகப்படாது. அன்று அது ‘டின்னவெல்லி’. தஞ்சாவூர் ‘டான்ஜோர்’, திருச்சிராப்பள்ளி ‘ட்ரிச்சினோபொலி’, செங்கல்பட்டு ‘சிங்கிள்புட்’. மேலும், இன்றைய தூத்துக்குடி மாவட்டம் 1986இல்தான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. எனவே ‘டூட்டிகொரின்’ என்பதையும் சேர்த்தால்தான் பழைய ஜில்லா முழுமையாகும்.

அடுத்தது, இந்தச் சொற்களைக் கோப்பது. ஒரே பொருள் தரும் சொற்களை ‘ஆர்’ போட்டு ஓர் அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டும். வெவ்வேறு துண்டுகளை ‘அண்ட்’ போட்டு இணைக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் பூல் என்ற கணித அறிஞர் வகுத்த தர்க்கம் இது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் மாணவர்கள் செய்வது என்ன? எல்லாச் சொற்களையும் ஒரே வரியில் நெருக்கி அடிக்கிறார்கள். அத்தனை சொல்லும் சேர்ந்திருக்கும் ஆவணத்தை மட்டும் தரவுத்தளம் தேடுகிறது. முடிவு பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் தெரியுமா? நம் பல்கலைக்கழகங்களுக்கு வரும் ஆய்வேடுகளின் முன்னுரைகளைப் புரட்டினால் தெரியும்: “இத்தலைப்பில் இதுவரை ஆய்வு எதுவும் நிகழ்த்தப்பெறவில்லை.” இந்த ஒரு வாக்கியம் எத்தனை ஆய்வேடுகளில் வருகிறது! தனக்குத் தேடத் தெரியவில்லை என்பதை உலகத்தில் இல்லை என்று மாற்றி எழுதுகிற வித்தை இது. வழிகாட்டி கையெழுத்துப் போடுகிறார், தேர்வாளர் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறார்.

நம் மாணவி ஒரு நல்ல நூலைப் பிடித்துவிட்டால் அதிலிருந்து முன்னும் பின்னும் போகலாம் என்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய வழி. மைக் டேவிஸ் 2001இல் வெளியிட்ட ‘லேட் விக்டோரியன் ஹாலோகாஸ்ட்ஸ்’ என்ற நூல் இந்தப் பஞ்சத்தை விரிவாகப் பேசுகிறது. அதன் குறிப்புகளைப் பின்தொடர்ந்து பின்னால் போனால் வில்லியம் டிக்பி 1878இல் இரண்டு தொகுதிகளாக எழுதிய பஞ்ச வரலாற்றுக்குப் போய்ச் சேரலாம். முன்னால் போக, டேவிஸின் நூலை மேற்கோள் காட்டியவர்கள் யார் யார் என்று தேட வேண்டும். யூஜின் கார்ஃபீல்ட் 1964இல் வெளியிட்ட அறிவியல் மேற்கோள் சுட்டி இந்த வழியைப் பெரிய அளவில் திறந்துவிட்டது. கூகுளின் நிறுவனர்கள் பக்கங்களை வரிசைப்படுத்தும் முறையை உருவாக்கியபோது இந்த மேற்கோள் ஆய்வு மரபிலிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். நூலகத்தைக் கூகுள் ஒழித்துவிட்டது என்று பேசுகிறவர்கள், கூகுளே நூலகத் துறை வளர்த்த சிந்தனையின் பிள்ளை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. இந்தப் பஞ்சத்தைப் பற்றிச் சிவகங்கைப் புலவர் வில்லியப்ப பிள்ளை ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ என்று அங்கதமாக ஒரு நூலே பாடியிருக்கிறார். வரலாற்று அடுக்கில் தேடினால் அது வராது; இலக்கியத்தின் கீழ் இருக்கும். ஆங்கிலத்தில் ‘ஃபேமின்’ என்று ஆயிரம் முறை அடித்தாலும் வராது. ஒரு பொருளைப் பற்றிய சான்று வேறொரு துறையின் அடுக்கில் ஒளிந்திருக்கும் என்பதைத் தேடுபொறி சொல்லித்தராது. வகைப்பாடு எப்படி வேலை செய்கிறது என்று அறிந்த மனிதர் சொல்லித்தருவார்.

மூன்றாவது வாதத்துக்கு வருகிறேன். இத்தனை பாடு எதற்கு, செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஆதாரத்தோடு எழுதிக் கொடுத்துவிடுமே என்கிறார்கள். கொடுக்கும். அந்த ஆதாரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 2023இல் நியூயார்க் நீதிமன்றத்தில் ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான ஒரு வழக்கில், வாதியின் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி எடுத்துக்கொடுத்த முன்தீர்ப்புகளை மனுவில் அடுக்கினார்கள். வழக்கின் பெயர், எண், நீதிபதிகளின் சொற்கள் என்று எல்லாம் கச்சிதம். அவற்றில் ஆறு தீர்ப்புகள் உலகத்திலேயே இல்லாதவை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். சட்டத் தரவுத்தளத்தில் வழக்கின் பெயரை ஒரு முறை அடித்துப் பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால் அந்த மனு நீதிமன்ற வாசலை மிதித்திருக்காது.

இந்தச் செயலிகளை ஒதுக்கிவைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு கருத்துக்கு மாற்றுச் சொற்கள் என்னென்ன என்று கேட்டால் நன்றாகவே பட்டியலிடுகின்றன. நீண்ட ஆங்கிலக் கட்டுரையின் போக்கைத் தமிழில் சொல்லச் சொன்னால் சொல்கின்றன. ஆனால் பதில் சரியா என்று பார்க்கத் தெரிந்தவர் கையில்தான் அது கருவி. தெரியாதவரிடம் போனால், அது சொல்வதே வேதம். அப்படியானால் இந்தச் செயலிகளின் வரவு தேடல் பயிற்சியின் தேவையைக் கூட்டியிருக்கிறதே தவிரக் குறைக்கவில்லை. முன்பெல்லாம் மாணவர் கண்டெடுத்த புத்தகம் பொய்யான புத்தகமாக இருக்க வாய்ப்பு அரிது. இப்போது தலைப்பும் ஆசிரியரும் பக்க எண்ணும் கொண்ட, எவரும் எழுதாத புத்தகம் அவர் கைக்கு வருகிறது.

நான்காவது வாதம் சற்று நாசூக்கானது. இதெல்லாம் பிஎச்.டி. செய்பவர்களுக்கு வேண்டியது, பி.ஏ., பி.எஸ்சி. படிக்கிற பிள்ளைக்கு எதற்கு என்பது. நடைமுறையைப் பாருங்கள். பொறியியல், மேலாண்மை, அறிவியல், கலை என்று எந்தப் பட்டமானாலும் பெரும்பாலும் இறுதியாண்டில் ப்ராஜெக்ட் உண்டு. அதைச் செய்ய யாரும் சொல்லித்தராததால்தான் ‘ப்ராஜெக்ட் செய்து தரப்படும்’ என்ற பலகைகளோடு கடைகள் முளைத்தன. கடையில் வாங்கிய ப்ராஜெக்ட்டைப் பற்றி வாய்மொழித் தேர்வில் இரண்டு கேள்வி கேட்டு, முறுவலித்து, அனுப்பிவைக்கும் நாடகம் ஊரறிந்த ரகசியம்.

இதற்கு மேலே, முதுகலை, ஆராய்ச்சி ஆய்வேடுகளில் நடக்கும் நகலெடுப்புக்குப் பூட்டுப் போட எண்ணி, பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளைக் கொண்டுவந்தது. ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் போகப் போகத் தண்டனை கூடும். விளைவு என்ன? மாணவர்கள் கற்றுக்கொண்டது மேற்கோள் காட்டும் ஒழுக்கத்தை அல்ல. சதவீதத்தைக் குறைக்கும் உபாயத்தை. சொல்லுக்குச் சொல் மாற்றுகிறார்கள், வாக்கியத்தைத் திருப்பிப் போடுகிறார்கள், அதற்கென்றே செயலிகள் வைத்திருக்கிறார்கள். எங்கே தேடுவது, எடுத்ததை எப்படிக் குறித்துவைப்பது, எதை யாருடையது என்று சொல்வது என்ற பயிற்சியைக் கொடுக்காமல் பிடிபட்டால் என்ன நடக்கும் என்று மட்டும் மிரட்டினால் வேறென்ன நடக்கும்? பிஎச்.டி.க்கு வரும்போது கற்றுக்கொள்ளலாம் என்பவர்கள், ஆறேழு ஆண்டுகள் நகலெடுத்துப் பழகிய கையைத் திருத்துவது எவ்வளவு சிரமம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி ஐந்தாவது. “சொல்லித்தரவில்லை என்று யார் சொன்னது? முதலாண்டு மாணவர்களுக்கு நூலக அறிமுக நிகழ்ச்சி நடத்துகிறோமே!” நடத்துகிறீர்கள். சேர்ந்த முதல் வாரத்தில், எந்த ஒப்படைப்பும் இல்லாத நேரத்தில், நூற்றுக்கணக்கானவர்களைக் கூட்டத்தில் உட்காரவைத்து, எத்தனை புத்தகம் எடுக்கலாம், தாமதமானால் எவ்வளவு அபராதம், சத்தம் போடக்கூடாது என்று சொல்லி அனுப்புகிறீர்கள். புகைப்படம் எடுத்து, தர மதிப்பீட்டுக் குழுவுக்கான கோப்பில் சேர்த்துவிடுகிறீர்கள். நீச்சல் குளத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு நீச்சல் கற்றுக்கொடுத்ததாகக் கணக்கு எழுதுவது போன்றது இது. தேட வேண்டிய கட்டாயம் வரும் நாளில், தேட வேண்டிய பொருளை வைத்துக்கொண்டு சொல்லித்தருவதுதான் பயிற்சி.

இதை உலகத்துக்குச் சொன்னவர்களில் முன்வரிசையில் நிற்பவர் நம் மண்ணின் மனிதர். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக்கினார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது விதி. புதிதாக வரும் வாசகருக்கு நூலகத்தைப் பயன்படுத்தப் பழக்குவதைக் குறிப்புதவிப் பணியின் தனியொரு பகுதியாகவே அவர் வகுத்தார். கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து முத்திரை குத்துகிறவராக நூலகரை அவர் பார்க்கவில்லை. வாசகரோடு அடுக்குவரை நடந்துபோகிற ஆசிரியராகப் பார்த்தார். ஆகஸ்ட் 12ஆம் தேதி அவர் படத்துக்கு மாலை போட்டு நூலகர் தினம் கொண்டாடுகிற கல்லூரிகளில் எத்தனை, பாடத்திட்டக் கூட்டத்துக்கு நூலகரை அழைக்கின்றன? நூலகர் பணியிடமே காலியாகக் கிடக்கும் கல்லூரிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எதிர்த்தரப்பில் உண்மையிலேயே கனமான ஒரு வாதம் இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. “தரவுத்தளங்கள் எல்லாம் ஆங்கிலம். தமிழ்வழியில் படித்து, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளையிடம் அதைத் திறந்து காட்டினால் மிரண்டுபோவான். அவனுக்குப் பாடத்தைப் புரியவைப்பதே பெரும்பாடு” என்று அரசுக் கல்லூரி ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அக்கறையோடு சொல்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் இந்த வாதத்தைக் கடைசிவரை கொண்டுபோனால் எங்கே நிற்கிறது பாருங்கள். அப்பாவோ அக்காவோ பட்டம் படித்த வீட்டுப் பிள்ளை எப்படியாவது கேட்டுத் தெரிந்துகொள்ளும். பணம் கட்டித் தனியார் பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைக்கு அங்கே சொல்லித்தருவார்கள். கல்லூரியைத் தவிர வேறு கதி இல்லாத பிள்ளைக்குக் கல்லூரியும் கையை விரித்தால்? இரக்கம் என்ற பெயரில் கதவு சாத்தப்படுகிறது.

அதோடு, தமிழில் ஒன்றும் இல்லை என்பதும் பழங்கதை. மதுரைத் திட்டம் 1998இலிருந்து இலக்கியங்களை மின்வடிவில் தந்துகொண்டிருக்கிறது. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் 2005இலிருந்து நூலகம் திட்டம் சேர்த்துவருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய பழைய நூல்கள் கிடைக்கின்றன. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களிலிருந்து பிறந்தது. கன்னிமாரா நூலகத்துக்கு, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்துசேர வேண்டும். காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா தளத்தில் தமிழ்த்துறைகளின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இலவசமாகக் கிடக்கின்றன.

கிடக்கின்றனவே தவிர, கைக்கு வருவது எளிதில்லை. பல ஆய்வேடுகள் வெறும் படமாக வருடப்பட்டவை. உள்ளே இருக்கும் சொல்லைத் தேடுபொறியால் படிக்க முடியாது. பல, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் வரிசை. தலைப்பு சில இடங்களில் தமிழில், சில இடங்களில் ஆங்கில எழுத்தில். பாரதி பற்றித் தேடுகிறவர், சுப்பிரமணிய பாரதி, சுப்ரமண்ய பாரதி, பாரதியார் என்று தமிழிலும், ஆங்கிலத்தில் இன்னும் நாலைந்து எழுத்துக்கூட்டலிலும் தேடிப்பார்க்க வேண்டும். ஆக, ஆங்கிலத்தில் படிக்கிறவரைவிடத் தமிழில் ஆய்வு செய்கிறவருக்குத்தான் தேடல் கலை கூடுதலாகத் தேவைப்படுகிறது. தமிழ்வழி மாணவருக்கு இது வேண்டாம் என்கிறவர்கள் விஷயத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

கடைசியாக, பணம். மத்திய அரசு 2024 நவம்பரில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு. பயன்பெறக்கூடியவர்கள் சுமார் 1.8 கோடிப் பேர் என்பது அரசின் கணக்கு. தமிழ்நாட்டில் ஏராளமான மாணவர்கள் படிக்கும் சுயநிதிக் கல்லூரிகள் இந்த முதற்கட்டத்தில் இல்லை என்பது தனிக் குறை. உள்ளே இருக்கும் அரசுக் கல்லூரிகளின் நிலையாவது என்ன? இப்படி ஒன்று தங்களுக்கு இருக்கிறது என்று அங்கே படிக்கும் இளங்கலை மாணவரிடம் யார் சொன்னார்கள்? சொன்னாலும், அந்த 13,000 இதழ்களுக்குள் தனக்கு வேண்டிய கட்டுரையை எப்படிப் பிடிப்பது என்று யார் காட்டினார்கள்? யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிறோம்.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. புதிய பாடத்தாள் வேண்டாம், புதிய கட்டடம் வேண்டாம். முதலாண்டில் ஏதேனும் ஒரு பாடத்தின் ஒப்படைப்பை நூலகரும் ஆசிரியரும் சேர்ந்து கொடுக்கட்டும். தலைப்பை உடைப்பது, மாற்றுச் சொற்களை எழுதுவது, இரண்டு தரவுத்தளங்களிலும் ஒரு நூலக அட்டவணையிலும் தேடுவது, கிடைத்ததில் எதை எடுத்தோம் எதை விட்டோம் என்று காரணம் சொல்வது ஆகியவற்றை அந்த ஒப்படைப்பை வைத்தே பழக்கட்டும். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டோடு இரண்டு பக்கத் தேடல் குறிப்பு கட்டாயம் என்று வைக்கட்டும்: எங்கே தேடினேன், என்ன சொற்களைப் போட்டேன், எந்த ஆண்டு வரை பார்த்தேன், எது கிடைக்கவில்லை. அதற்கு மதிப்பெண்ணும் ஒதுக்கட்டும். மதிப்பெண் இல்லாத எதையும் நம் கல்லூரிகளில் யாரும் சட்டை செய்வதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கடையில் வாங்கிய ப்ராஜெக்ட்டில் இந்த இரண்டு பக்கத்தை அவ்வளவு எளிதில் பொய்யாக எழுத முடியாது. இரண்டாவது கேள்வியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

வாய்மொழித் தேர்வுக்குப் போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எதிரில் நிற்கும் மாணவரிடம் ப்ராஜெக்ட்டின் நோக்கம் என்ன என்ற வழக்கமான கேள்வியை விட்டுவிட்டு, “இதற்கு எங்கே எங்கே தேடினீர்கள், எப்படித் தேடினீர்கள்?” என்று கேட்டுப்பாருங்கள். பதில் வராவிட்டால் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் குறைப்பதற்கு முன், இந்த மூன்று ஆண்டுகளில் அதை அவருக்கு எந்த வகுப்பில், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள்.